மறுமுறை அளக்கலாமா?



பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கேரள எல்லையைக் கடந்ததும் வருவது மீனாட்சிபுரம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. ஆயினும் அவ்வட்டாரத்தில் பல வீடுகளின் அடுக்களைப் பேச்சு இன்றும் தமிழே. அங்கே நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். தமிழும் மலையாளமும் ஐந்தாம் வயதிலேயே படிக்கக் கற்றவள். ஓர் எழுத்து கோணினாலும் பக்கத்தையே கிழித்துவிட்டு மீண்டும் தொடங்குபவள்.

ஆசிரியையின் யோசனைப்படி அவளை நகரத்து உளவியலார் ஒருவரிடம் அழைத்துச் சென்று அறிவுத்திறன் சோதனை நடத்தினார்கள். எல்லோரும் எதிர்பார்த்ததைவிட எண் குறைந்து வந்தது. "இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாமா?" என்று தந்தையார் நம்மிடம் கேட்டார். இக்கேள்வியையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

முதலில், சோதனை அறையில் நடந்ததை நோக்குவோம். வண்ணக் கட்டைகளை அடுக்கிக் காட்டிய வடிவத்தை அமைக்கும் பகுதியில், அவள் வடிவத்தை அமைத்துவிட்டாள். ஆனால் ஓரங்கள் நேராக இல்லையென்று திருத்திக்கொண்டே இருந்தாள். கடிகாரம் ஓடிவிட்டது. உறுதியாகத் தெரியாத வினாக்களுக்கு ஊகித்து விடை கூறவும் மறுத்துவிட்டாள். பிழையே கூடாது என்று எண்ணும் குழந்தையிடம் அறிவு குறைந்திருப்பதில்லை, அச்சமே மிகுந்திருக்கிறது. சோதனை எண்ணோ இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

இனி, மொழி. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் ஒன்றை அனுபவத்தில் அறிவோம்: எளிய சொல் எல்லை தாண்டினால் அரிய சொல்லாகிவிடலாம். "வெள்ளம்" என்றால் மலையாளத்தில் தண்ணீர், தமிழிலோ பெருக்கு. இரு மொழிக்கும் நடுவே வாழும் குழந்தை, சொல்லின் பொருளைக் கேட்டால் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை அறியாமை எனக் கணக்கிடுதல் முறையாகுமா?

மூன்றாவதாக, எண்ணின் இயல்பு. பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினே என்னும் அறிஞர் சைமன் என்பாருடன் சேர்ந்து 1905-ஆம் ஆண்டில் இத்தகைய சோதனையை அமைத்தார். பள்ளியில் பின்தங்கி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம்; பெருமைக்குப் பட்டயம் வழங்குவது அன்று. எந்தச் சோதனையிலும் சில புள்ளிகள் ஏறுவதும் இறங்குவதும் உண்டு. 118 என்று வந்தால், ஏறக்குறைய 113-க்கும் 123-க்கும் இடையில் என்றே அதனைப் படிக்க வேண்டும். அதே சோதனையைச் சில மாதங்களுக்குள் மீண்டும் நடத்தினால், பழக்கத்தினாலேயே எண் சற்று உயரும். அந்த உயர்வைக் கண்டு மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

அவ்வாறாயின் மறுசோதனையே கூடாதா? அப்படியன்று. குழந்தை அன்று நோயுற்றிருந்தாலோ, பழகாத மொழியில் வினவப்பட்டிருந்தாலோ, வகுப்பு மாற்றம் போன்ற உண்மையான முடிவு அந்த எண்ணைச் சார்ந்திருந்தாலோ, தக்க இடைவெளி விட்டு வேறொரு சோதனையை அவள் மொழியில் நடத்துதல் நியாயமே. பெற்றோரின் மனக்குறை ஒன்றே காரணமாயின் அது நியாயமாகாது.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனை நினைவுகூர்வோம். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால், கல்லூரி இடைநிலைத் தேர்வில் 1906-இல் தவறினார். 1907-இல் மீண்டும் எழுதி மீண்டும் தவறினார். அதே முழத்தால் இருமுறை அளந்தும் அதே விடைதான் கிடைத்தது. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்குத் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. அதற்கு வழிவகுத்தது மூன்றாம் தேர்வு அன்று. அவர் எழுதி வைத்திருந்த கணக்குகளை அறிந்தவர்கள் படித்துப் பார்த்ததே.

மீனாட்சிபுரத்துத் தந்தையாருக்கு இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். கதவோரம் நின்று கேட்டிருந்த சிறுமி, "முதல்ல நான் தோத்துட்டேன்னுதானே மறுபடியும் கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள். தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லை அம்மா, போகவில்லை" என்றார்.

இப்பொழுதைக்கு மறுசோதனை வேண்டாம் என்று அவ்வீட்டார் முடிவு செய்துள்ளனர். ஓராண்டுக்குப் பின் தேவை நேர்ந்தால், தமிழில் நடத்துவோரிடம் அழைத்துச் செல்வதாக எண்ணம். அதுவரை அவளுக்குக் கடினமான கணக்குகள் தரப்படும். பிழை செய்தால் பக்கத்தைக் கிழிக்காமல், அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுதப் பழக்குவர். தந்தையாரும் தம் கணக்கேட்டில் தாம் செய்த பிழைகளை அவளுக்குக் காட்டத் தொடங்கியிருக்கிறார். அளவுகோலை மீண்டும் எடுக்குமுன், அளப்பது யாருக்காக என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.