முகவரியும் வழியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் இளைஞர்களுள் சிலர் கணிப்பொறி வலையமைப்புகளைப் பேணும் பணியில் அமர்ந்துள்ளனர். வேறு சிலர் அதற்கெனப் பயின்று வருகின்றனர். அவர்களுக்குப் பயன்படுமாறு சில கூற வேண்டுமெனச் செயலாளர் பணித்தார். நான் கணக்குப் பாடம் நடத்துபவன், பொறியாளன் அல்லேன். ஆயினும், என் பழைய மாணவர் ஒருவர் எனக்குக் கற்பித்த பாடத்திலிருந்து தொடங்குகின்றேன்.

எங்கள் பள்ளியில் ஒரு கணிப்பொறி பக்கத்துக் கணிப்பொறிகளோடு தொடர்பு கொண்டது. இணையத்தோடு மட்டும் கொள்ளவில்லை. கணிப்பொறி பழுது என்றனர் சிலர். கேபிள் பழுது என்றனர் வேறு சிலர். புதியது ஒன்று வேண்டி நான் கடிதமும் எழுதிவிட்டேன். விடுமுறைக்கு வந்திருந்த அம்மாணவர் எதையும் கழற்றவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். கணிப்பொறியின் முகவரி 192.168.1.70, வெளியே செல்லும் வாயிலாகிய ரூட்டரின் முகவரி 192.168.1.1. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றிருக்க வேண்டிய இடத்தில் எவரோ 255.255.255.192 என இட்டிருந்தனர்.

முகவரியில் தெரு எதுவரை, வீட்டு எண் எங்கிருந்து என்று பிரித்துக் காட்டும் அளவுகோலே மாஸ்க். அதன் கடைசி எண் 0 எனின், 256 எண்களும் ஒரே தெரு. முதலும் இறுதியும் நீங்க 254 கணிப்பொறிகளுக்கு இடமுண்டு. அது 192 எனின், அதே எண்கள் 64 வீதம் நான்கு தெருக்களாகிவிடும். 70 என்பது இரண்டாம் தெருவிலும், வாயில் முதல் தெருவிலும் அமைந்துவிட்டன. வாயில் தன் தெருவிலேயே இல்லாதபோது வெளியே செல்வது எங்ஙனம்? ஓர் எண்ணைத் திருத்தியதும் குறை தீர்ந்தது. ஆகவே, இரண்டின் அடுக்குகளைத் தாளும் பென்சிலும் கொண்டு நாள்தோறும் போட்டுப் பழகுங்கள்.

அடுத்து, வழி. ரூட்டர் எதுவும் முழு வழியையும் அறிவதில்லை. அடுத்து எவரிடம் கொடுப்பது என்பதை மட்டுமே தன் அட்டவணையில் பார்க்கின்றது. ஒரே முகவரிக்கு இரு வழிகள் பொருந்தினால், மிகுதியான பிட்டுகள் பொருந்தும் வழியையே அது தேரும். இவ்விதியின் வலிமையை 2008 பிப்ரவரி 24 அன்று உலகம் கண்டது. தம் நாட்டில் யூடியூபைத் தடுக்க வேண்டிப் பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் இட்ட 24 பிட் வழி, எல்லை கடந்து உலகெங்கும் பரவிற்று. யூடியூப் அறிவித்திருந்ததோ 22 பிட் வழி. ரூட்டர்கள் விதிப்படி 24ஐத் தேர்ந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் யூடியூப் எட்டாக் கனியாயிற்று. வழியை அறிவிக்குமுன் வடிகட்டியை அமைத்தல் கடமை என்பதே இதன் பாடம். மேலும், போகும் வழி இருந்தால் மட்டும் போதாது; மறுமொழி திரும்பும் வழியும் வேண்டும். இதனை மறப்போர் பலர்.

இனி, பழுது காணும் முறை. அருகிலிருந்து தொலைவு நோக்கிச் செல்லுங்கள். முதலில் கேபிளையும் விளக்கையும் பாருங்கள். பின்பு சொந்த முகவரியைப் பாருங்கள், அது 169.254 எனத் தொடங்கினால், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து விடை வரவில்லை என்று கொள்க. அடுத்து வாயிலுக்கும், அதன்பின் வெளியே உள்ள ஓர் எண் முகவரிக்கும் பிங் அனுப்புங்கள். எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு வராவிடின், குறை டி.என்.எஸ்.இல் இருக்கலாம். டிரேஸ்ரூட்டில் உடுக்குறி கண்டதும் அங்கேதான் பழுது என முடிவு கட்டாதீர்கள். சில ரூட்டர்கள் விடை தராமலே அஞ்சலை அனுப்பிவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுமுன் பழைய அமைப்பைச் சேமியுங்கள். உள்ளே புக வேறொரு வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளையால் ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கிற்று. தொலைவிலிருந்து உட்புக இயலாமல், பொறியாளர்கள் நிலையங்களுக்கு நேரில் செல்ல நேர்ந்தது.

இறுதியாக ஒன்று. வலையமைப்பு நின்றால் புதிதாக வந்தவர்மீதே பழி எளிதில் விழும். உங்களுள் பலர் உங்கள் குடும்பத்திலிருந்து இத்தகைய அலுவலகத்தில் முதன்முதல் அடியெடுத்து வைப்பவர்கள். பரிந்து பேச அங்கே உறவினர் எவரும் இரார். எனவே என்ன கண்டீர்கள், எதை மாற்றினீர்கள், எத்தனை மணிக்கு என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். உங்களுக்காகப் பேசும் சான்று அதுவே. அம்மாணவர் கணக்குப் போட்ட தாளை இன்றும் என் மேசையில் வைத்திருக்கின்றேன். புதிய கணிப்பொறி கேட்டு எழுதிய கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன்.