வார்டு எல்லையும் நம் கடமையும்

சேத்துப்பட்டுத் தோழர்களே!

"வார்டு எல்லை எப்படிப் போனால் நமக்கென்ன?" என்கிறார்கள். நெசவுத் தெருவையோ சேரியையோ இரண்டாக வெட்டி இரு வார்டுகளில் சேர்த்தால், அங்குள்ளோர் இரண்டிலும் சிறுபான்மையாவார்கள். பிறகு ஓட்டிருந்தும் பயனென்ன? எல்லைக்கோடு தலையெழுத்தல்ல, மனிதன் கிழித்ததை மனிதன் மாற்றலாம்.

2017-இல் தமிழ்நாட்டில் மறுவரையறை ஆணையச் சட்டம் வந்தது. 2011 ஜனக்கணக்கை வைத்து வார்டு பிரித்து, அவ்வருஷ டிசம்பரில் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டார்கள். 2019 டிசம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஜில்லாப் பிரிவினைக்குட்பட்ட 9 ஜில்லாக்களில் வரையறை முடிந்த பிறகே தேர்தல் என்றது. கோடு முந்தி, ஓட்டு பிந்தி என்பதுதானே இதன் அர்த்தம்?

ஆகவே அடுத்த வரைவு வரும்போது, பெரிய மனிதர்கள் பார்த்துக்கொள்ளட்டுமென்று சும்மாயிராமல், தெருவாரியாகத் தலை எண்ணி, ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.