கைப்பேசி யார் கையில் இருக்கிறது?



வயதான நோயாளிகளுக்குக் கைப்பேசி மருத்துவம் கைகொடுக்கிறதா, இல்லையா என்பது இன்றைய தலைப்பு. எல்லாமே விரல் நுனியில் வந்துவிட்டது என்றார்கள் எதிரணி நண்பர்கள். யாருடைய விரல் நுனியில் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

மைசெஜாதெரா செயலி 2020 ஏப்ரலில் வந்தது. மறு ஆண்டு தடுப்பூசிக்குப் பதிவு நடந்தபோது, பெற்றோரைப் பிள்ளைகள் தங்கள் கைப்பேசியிலேயே சேர்த்துக்கொள்ள வழி இருந்தது. அவசர காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. கொரோனா அடங்கியது, பழக்கம் அடங்கவில்லை. இன்று அரசாங்கக் கிளினிக்குக்கு முன்பதிவு செய்யவும் அந்தச் செயலி உதவுகிறது. ஆனால் அம்மாவின் கிளினிக் தேதி மகன் கைப்பேசியில் இருக்கிறது. மகன் ஷா ஆலாமில் இரவு வேலையில் இருக்கிறார். கிள்ளானில் அம்மா நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுச் சங்கதி அல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. 2023இல் நாட்டின் அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. அதுவும் ஆறு பேரில் ஒருவர் என்ற கணக்குதான்.

கருவி வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்பார்கள் பிள்ளைகள். கொடுத்தது சரி, எண்ணைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்களா? மலேசியக் கிளினிக்குகள் இனிப்பு நீரை மில்லிமோல் கணக்கில் சொல்கின்றன. பெரியவர்கள் கைப்பேசியில் பார்ப்பதோ தமிழ்நாட்டு மருத்துவர்களின் காணொளி. அங்கே மில்லிகிராம் கணக்கு. சாப்பிட்ட பிறகு 140ஐத் தாண்டக் கூடாது என்று காணொளி சொல்கிறது. வீட்டுக் கருவி 12 காட்டுகிறது. 140 எங்கே, 12 எங்கே என்று பாட்டி நிம்மதியாக இன்னொரு பால்கோவாவை எடுக்கிறார். 18ஆல் பெருக்கினால் அந்த 12 என்பது 216! பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பேரன் பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

இதில் கைக்கடிகார வியாபாரம் வேறு. ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கும் கடிகாரம் என்று இணையக் கடைகளில் விளம்பரம் வருகிறது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை, நம்பாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு வகை. அதன் மெல்லிய இழை தோலுக்குள் போகிறது. அது உண்மையான கருவி, விலைதான் கையைக் கடிக்கும்.

பெரியவர்களுக்குக் கண் தெரியாது, எழுத்துப் புரியாது, அதனால் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் எதிரணியில் ஒருவர். அவர் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்துவிட்டு வரட்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையே இல்லாதவர்கள் கைப்பேசியைப் பேசவைத்து, காதால் கேட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். அந்த வசதி சாதாரணக் கைப்பேசியிலேயே இருக்கிறது. எண்ணை உரக்கச் சொல்லும் இரத்த அழுத்தக் கருவிகளும் உண்டு. நீரிழிவால் கண் மங்கிய தாத்தாவுக்கு இவற்றைக் காட்டிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா? தினமும் விடியுமுன் ஐம்பது பேருக்குப் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர் அவர். கைப்பேசி தெரியாதவர் என்று அவரைச் சொல்வது அநியாயம்.

எதிரணி பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இரவு இரண்டு மணி. பாட்டிக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது. கருவி 3.4 காட்டுகிறது. 4க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அது பாட்டிக்குத் தெரியுமா, அல்லது வேலைக்குப் போயிருக்கும் மகனின் கைப்பேசிக்கு மட்டும்தான் தெரியுமா?