சாவி யார் மடியில்?



கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள் கிட் என்னும் கருவியை உபயோகிக்கிறார்கள். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் செய்தது. அதன் விசேஷம் என்னவென்றால், அவரவர் கைப்பிரதியிலேயே ஆதிமுதல் செய்த மாற்றங்கள் அத்தனையும் இருக்கும்; மூலஸ்தானம் என்று ஒன்று வேண்டியதே இல்லை. அப்படியிருந்தும் ஜனங்கள் கிட்ஹப் என்கின்ற ஒரே இடத்தில் கொண்டுபோய்க் குவித்தார்கள். 2018-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி அதை 750 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2019-ல் அமெரிக்க சர்க்காரின் தடையைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா வாசிகளின் தனிக் கிடங்குகளை அடைத்தார்கள். அவர்கள் செய்த குற்றமென்ன? இருந்த ஊர்தானே! 2021-ல் லைசென்சு வாங்கி ஈரானியருக்குத் திறந்துவிட்டார்கள். திறக்கிறவனிடம்தானே பூட்டும் இருக்கிறது?

டுவிட்டர் சங்கதியும் அதுவே. 2022-ல் எலான் மஸ்க் 4400 கோடி டாலருக்கு வாங்கினார். அந்த டிசம்பரிலேயே, மாஸ்டடானுக்கு வழிகாட்டுவதே கூடாதென்று தடுத்து, கூச்சல் கிளம்பியபின் விட்டார்கள்.

அந்த மாஸ்டடான் 2016-ல் வந்தது. தபாலாபீசு மாதிரி: ஆபீசு ஊருக்கொன்று, கடிதம் எல்லா ஊருக்கும் போகும். நிரலுக்கும் பெர்லினில் கோட்பெர்க் என்கின்ற அங்கத்தினர் சங்கம் இடம் கொடுக்கிறது.

"கூட்டம் அங்கேதானே இருக்கிறது" என்கிறார்கள். கூட்டம் என்பது நாம் அல்லாமல் வேறு யார்?

இதிலும் ஓர் இடத்துக்காரன் அட்டகாசம் செய்யலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால் மாஸ்டடானில் அவனைவிட்டு வேறிடம் போனால், பின்தொடர்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். பழைய எழுத்துகள் மட்டும் வராது.