விவிலிய ஆய்வாளரும் ஜெர்மன் மொழியும்



விவிலியம் எபிரேயத்திலும் அரமேயத்திலும் கிரேக்கத்திலும் எழுதப்பெற்ற நூல்களின் தொகுதி. அதனை ஆழ்ந்து ஆராய விரும்புவோர் இம்மொழிகளைக் கற்றாக வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்டம் நாடி வரும் மாணவரிடம், விவிலியத்தில் ஓரிடத்தும் வழங்காத ஜெர்மன் மொழியைப் படித்தறியும் திறனும் எதிர்பார்க்கப்படுகிறது. பேசத் தெரிய வேண்டுவதில்லை, எழுதவும் வேண்டுவதில்லை. நூலைத் திறந்தால் பொருள் விளங்க வேண்டும், அவ்வளவே.

இவ்வழக்கிற்குக் காரணம் உண்டு. மோசேயின் ஐந்நூல்கள் பல மூலங்களின் இணைப்பு என்னும் கொள்கைக்கு நிலைத்த வடிவம் தந்த யூலியுஸ் வெல்ஹவுசனின் நூல் 1878இல் பெர்லினில் வெளிவந்தது. அவர் கொண்ட மூலங்களுள் ஒன்றிற்கு 'ஜே' என்பது இன்றும் குறியீடு. இறைவனை 'யாவே' எனக் குறிக்கும் மூலத்திற்கு 'ஜே' எவ்வாறு பொருந்தும் என ஆங்கிலம் மட்டும் அறிந்தோர் திகைப்பர். அவ்வெழுத்து ஜெர்மானியர்க்கு யகர ஒலியைத் தருவது என்றறிந்த அளவில் திகைப்பு நீங்கும். ஹெர்மன் குங்கெல் வழங்கிய 'ஸிட்ஸ் இம் லேபென்' என்னும் தொடரும் மொழிபெயர்க்கப்படாமலே உலகெங்கும் வழங்குகிறது. ஒரு பாடலோ கதையோ மக்கள் வாழ்வில் எந்தச் சூழலில் வேரூன்றியது என்பதே அதன் கருத்து. திணையும் துறையும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இக்கருத்து அத்துணை அயலானதன்று.

மொழிபெயர்ப்பு வரட்டும் எனக் காத்திருந்தால் என்ன நேரும்? மாற்கு நற்செய்தி பற்றிய வில்லியம் விரேடேயின் நூல் 1901இல் வெளிவந்தது. ஆங்கில வடிவம் 1971இல்தான் கிடைத்தது. மார்ட்டின் நோத் 1943இல் வெளியிட்ட ஆய்வின் முதற்பகுதி 1981 வரை காத்திருந்தது. ஆல்பர்ட் சுவைட்சரின் இயேசு வரலாற்றாய்வு நூலோ இன்னும் விந்தையான நிலைக்கு ஆளாயிற்று. 1906ஆம் ஆண்டின் முதற்பதிப்பு 1910இல் ஆங்கிலமாயிற்று. 1913இல் ஆசிரியரே பெரிதும் விரித்தெழுதிய பதிப்பு முழுமையாக ஆங்கிலத்தில் வந்தது 2000ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் சுவைட்சரை ஆங்கிலத்தில் படித்து வாதிட்டோர், அவரே திருத்தி விரித்துவிட்ட நூலொன்றை வைத்து வாதிட்டனர்.

கற்கும் முறை எளிமையானது. விவிலிய மாணவர்க்கு லூத்தரின் மொழிபெயர்ப்பே முதற்பாடம். புதிய ஏற்பாடு 1522இலும் முழு விவிலியம் 1534இலும் அச்சேறின. பொருள் முன்னரே நெஞ்சில் இருப்பதால் அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டா. சொல் தானே வந்து பொருளோடு பொருந்தும். (தமிழ் மாணவர்க்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் தந்துள்ளார். குறளை மனப்பாடமாக அறிந்தவர் அதனைப் படித்து ஜெர்மன் பழகுவதில் ஒரு தனிச்சுவை இருக்கும்.) பழைய நூல்களின் 'ஃபிராக்டூர்' எழுத்து சில நாள் அலைக்கழிக்கும். அதில் நெடிய சகர எழுத்தும் ஃபகர எழுத்தும் உடன்பிறப்புகள் போல் தோன்றும். இரண்டு வாரப் பழக்கத்தில் அத்தொல்லை தீரும்.

மெய்யான தடை தொடரமைப்பில் உள்ளது என்பர் ஆங்கிலேயர். பெயருக்கு முன்னே நீண்ட அடைமொழித் தொடரை ஏற்றிவைப்பது ஜெர்மன் புலமை நடையின் இயல்பு. வெல்ஹவுசனின் நூலைப் பற்றிய ஒரு தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், '1878ஆம் ஆண்டில் பெர்லினில் வெளிவந்த முதல் தொகுதி' என நிற்கும். முதலில் நிற்கும் சுட்டு ஒன்றை நீக்கினால் இரு மொழிகளிலும் வரிசை ஒன்றே. ஆங்கில மாணவர் பெயரை முதலில் தேடிப் பிடித்து, பிறகு பின்னோக்கி வந்து படிக்குமாறு பயிற்றப்படுகின்றனர். பெயரெச்சத்தில் வளர்ந்த தமிழர்க்கு அப்பயிற்சி வேண்டுவதில்லை. சார்பு வாக்கியத்தில் வினை இறுதியில் வருவதும் அவர்க்குப் பழகிய வழியே. தமிழர் ஆங்கிலத்தின் வழியாகவே ஜெர்மன் இலக்கணத்தைக் கற்க நேர்வதால், தமக்கில்லாத நோய்க்கும் மருந்துண்கின்றனர்.

எனினும் தமிழரையும் வீழ்த்தும் இடங்கள் உண்டு. அவை சிறு சொற்களில் ஒளிந்துள்ளன. 'ஸொல்லென்' என்னும் துணைவினைக்கு அகராதி தரும் முதற்பொருள் 'வேண்டும்' என்பது. 'மாற்கு ரோமையில் எழுதியிருக்க ஸொல்' என ஒரு பேராசிரியர் எழுதினால், 'எழுதியிருக்க வேண்டும்' என மாணவர் பெயர்த்துவிடுவர். அது தமிழில் உறுதியான ஊகமாகிவிடும். ஆசிரியர் சொன்னதோ, 'எழுதினார் என்பர்' என்பது மட்டுமே. கேள்விச் செய்தி ஆய்வு முடிபாக மாறிவிடுகிறது.

இதனினும் பெரிய பொறி, பிறர் கூற்றைக் கூறும் வினை வடிவம். 'இஸ்ட்' என்றால் ஆசிரியர் தாமே 'ஆகும்' என்கிறார். 'ஸை' என்றால் 'ஆகும் என்று பிறர் கூறுவர்' என்கிறார். வேறுபாடு ஒரு சிறு வினையில் அடங்கிவிடுகிறது. ஜெர்மன் ஆய்வாளர் தாம் மறுக்கப்போகும் கொள்கையை இவ்வடிவில் நெடிது விரித்துரைத்து, பின்னரே தம் மறுப்பைத் தொடங்குவார். ஒவ்வொரு வரியிலும் 'என்று அவர் கூறுகிறார்' எனச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். வினையின் ஈறே அதனைச் சொல்லும். அவ்வீற்றைக் கவனியாதவர், எதிரியின் கொள்கையை ஆசிரியர் தலையிலேயே ஏற்றி அடிக்குறிப்பும் எழுதிவிடுவர். 'என்பாரும் உளர்' என்ற உரையாசிரியர் குறிப்பைத் தவறவிட்டு, மறுக்கப்பட்ட பாடத்தையே பரிமேலழகர் பாடம் எனக் கொள்வது போன்றது இது. விரைவு கருதிக் கணினி மொழிபெயர்ப்பை நாடுவோர்க்கு இவ்விடத்தில் கூடுதல் விழிப்பு வேண்டும். பெயர்ப்பு எத்துணைச் சரளமாக அமைகிறதோ, அத்துணை எளிதாக இவ்வேறுபாடு கண்ணில் படாமற் போகும்.

கலைச்சொற்களும் எளியன அல்ல. மார்ட்டின் கேலர் 1892இல் எழுதிய சிறுநூலின் தலைப்பே, 'ஹிஸ்டோரியெ', 'கெஷிக்டெ' என்னும் இரு சொற்களின் வழிவந்த அடைகளை எதிரெதிர் நிறுத்துகிறது. தமிழில் இரண்டும் 'வரலாறு' ஆகிவிடும். முன்னது சான்றுகொண்டு ஆராயப்படுவது; பின்னது நிகழ்ந்து இன்றும் செயற்படுவது என்பது கேலர் கொண்ட வேறுபாடு. ஆனால் எல்லா ஆசிரியரும் அவ்வேறுபாட்டைப் போற்றுவதில்லை. அதனை ஒவ்வொரு பக்கத்திலும் தேடுவது அறிவுடைமையன்று. 'ஏவாங்கேலிஷ்' என்பது பெரும்பாலும் சீர்திருத்தச் சபையைக் குறிக்கும் பெயரே. ஆங்கில ஒலியொப்புமையால் நற்செய்தி இயக்கத்தவர் எனக் கொள்வது பிழை.

ஒரு சொல்லை மட்டும் விரித்துரைத்தல் தகும். இயேசுவின் காலத்தை ஒட்டிய யூத சமயத்தைப் பழைய நூல்கள் 'ஷ்பேட்யூடென்டூம்', அதாவது 'பிற்கால யூதம்' எனக் குறித்தன. அக்காலத்திற்குப் பின்னரே மிஷ்னாவும் தல்மூதும் தோன்றின. யூத சமயம் இன்றளவும் வாழ்கிறது. இருபது நூற்றாண்டு வாழ்வு எஞ்சியிருந்த சமயத்தைப் 'பிற்காலம்' என்பது காலக்கணக்கன்று, தீர்ப்பு. கிறித்தவம் பிறந்தவுடன் யூதம் முடிந்துவிட்டது என்னும் முன்முடிவு அம்முன்னொட்டினுள் மறைந்துள்ளது. இன்றைய ஜெர்மன் அறிஞர் அதே காலத்தை 'ஃப்ரூயூடென்டூம்', 'தொடக்கக்கால யூதம்' என்கின்றனர். காலம் ஒன்றே, முன்னொட்டு தலைகீழாயிற்று. மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்பவர்க்கு இம்மாற்றம் ஒரு சொல் திருத்தமாகவே தோன்றும்.

அச்சொல்லின் பின்புலம் இருண்டது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொற்களுக்கான இறையியல் அகரமுதலியின் முதல் தொகுதி 1933இல் வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் கெர்ஹார்ட் கிட்டெல் அதே ஆண்டில் நாட்சிக் கட்சியில் சேர்ந்து, யூதர்க்கு எதிரான நூலொன்றையும் வெளியிட்டார். அகரமுதலியில் எழுதியோருள் ஒருவரான வால்டர் குருண்ட்மன், ஜெர்மன் திருச்சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை அகற்றுவதற்கென 1939இல் ஐசனாக்கில் நிறுவப்பட்ட நிறுவனத்தில் தலைமை ஏற்றுச் செயற்பட்டவர். ஜேம்ஸ் பார் 1961இல் அவ்வகரமுதலியின் சொல்லாய்வு முறையைக் கடுமையாக மறுத்தார். ஆயினும் அது நூலகங்களை விட்டு நீங்கவில்லை. நீங்க வேண்டும் என்பதும் முறையன்று. அதன் கிரேக்கச் சான்றுகளின் செல்வம் பெரிது. அதில் ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர் பெயர் உண்டு. 'ஆற்றல்' எனப் பொருள்படும் 'தூனமிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லைத் தேடி இரண்டாம் தொகுதியைத் திறக்கும் மாணவர், அங்கே குருண்ட்மன் பெயரைக் காண்பர்.