ஆய்வுக்கூடத்திற்கு அப்பால்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தோன்றியபோது, நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைக் கடக்கவேண்டும் என்பதே நம் பெருங்கனவு. இன்று அவர்களுள் சிலர் முனைவர் பட்ட ஆய்வாளர்களாக விளங்குகின்றனர். இம்மகிழ்ச்சியினூடே ஒரு கவலையையும் தங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற பொங்கல் விடுமுறையில், வேதியியல் ஆய்வு செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் வந்திருந்தார். "ஐயா, கொடுத்த தலைப்பில் ஆராயக் கற்றுக்கொண்டேன். ஆனால் எதை ஆராயவேண்டும், எதற்குப் பணம் ஒதுக்கவேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? அங்கே நம் குரல் எவ்வாறு சேரும்?" என்று வினவினார். இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு விடை கூறத் தெரியவில்லை, நாணினேன். அதன்பின் தேடிப் படித்ததையே இன்று உரைக்கின்றேன்.

அறிவியல் தானாக வளர்வதன்று. நம் இளையாத்தங்குடிக்கு அண்மையிலுள்ள காரைக்குடியையே பாருங்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. கொடையும் அரசின் முடிவும் கூடியதன் பயன் அது. 1958, 1983, 2003, 2013 ஆகிய ஆண்டுகளில் அறிவியல், தொழில்நுட்பம் குறித்த கொள்கைகளை நடுவண் அரசு அறிவித்தது. 2020 இறுதியில் ஐந்தாம் கொள்கையின் வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தையும் கேட்டது. சமத்துவம் பற்றிய பகுதியும் அதில் இருந்தது. ஆயினும் நம் சங்கத்திலிருந்து ஒரு வரிகூடச் செல்லவில்லை.

இளம் ஆய்வாளரின் சொல் அரசவை ஏறுமா என்று ஐயுற வேண்டா. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்கா சென்று பயின்ற அண்ணல் அம்பேத்கர், ரூபாய்ச் சிக்கல் பற்றிய தம் ஆய்வை 1923இல் நூலாக்கினார். 1925இல் நாணயக் கொள்கையை ஆராய வந்த அரச ஆணையத்தின்முன் சான்றுரைத்தார். அப்போது அவருக்கு அகவை 34. பின்னர், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாக அவையில் அமர்ந்து, நாட்டின் நீர், மின்சாரக் கொள்கைகளை வகுப்பதிலும் பங்கேற்றார்.

பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. இருந்தும் உயிர்கள் மடிகின்றன. அத்துயரைத் தன் வீட்டில் கண்ட பிள்ளை, ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழுவில் அமர்ந்தால், அதற்கான இயந்திரத்தையன்றோ முதலில் கேட்பான்!

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள்:

ஒன்று, அரசின் கொள்கை வரைவு வெளிவரும்போதெல்லாம் நம் ஆய்வு மாணவர்கள் இம்மன்றத்தில் கூடி அதனைத் தமிழில் விளக்கவேண்டும். ஊரார் கருத்தையும் சேர்த்து மறுமொழி அனுப்பவேண்டும்.

இரண்டு, நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் செய்தித்தாள் வாயிலாகக் கருத்துரை கேட்பதுண்டு. அவற்றிற்கு எழுதும் முறையை, அனுபவம் மிக்கோர் இளையோர்க்குப் பயிற்றவேண்டும்.

மூன்று, கருத்தரங்கிற்குச் செல்ல வழிச்செலவின்றி எந்த மாணவரும் தங்கிவிடலாகாது. வெள்ளி விழா நிதியில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குங்கள். என் ஒரு மாத ஊதியத்தை முதற்காணிக்கையாகத் தருகிறேன்.

அடுத்த பொங்கலுக்கு அம்மாணவர் வருவார். அவருக்குக் கூற நம்மிடம் ஒரு விடை இருக்கட்டும்.