ஹிப் ஹாப் ஆக்குநருள் தலையாயவர் யார்?

தலையாயவர் யார் என்னும் வழக்கு தமிழர்க்குப் புதியதன்று. தியாகராஜ பாகவதரா, பி. யு. சின்னப்பாவா என்று ஒரு தலைமுறை வாதிட்டது. விசுவநாதன்-இராமமூர்த்தியா, கே. வி. மகாதேவனா என்று அடுத்த தலைமுறை வாதிட்டது. இளையராஜாவையும் ரகுமானையும் வைத்து நடக்கும் வழக்கோ இன்னும் ஓய்ந்தபாடில்லை. கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் விழா முடிந்து பந்திக்கு இலை போடும் வரையில் உள்ள இடைவேளை இவ்வழக்குக்கென்றே ஏற்பட்டதோ என்று தோன்றும். அதே கூடத்தின் மறு மூலையில் நம் பிள்ளைகள் வேறொரு வழக்கில் முனைந்திருக்கிறார்கள். டாக்டர் டிரே, டி.ஜே. பிரீமியர், ஜே டில்லா என்னும் பெயர்கள் அங்கிருந்து நம் செவியில் விழுகின்றன. ஹிப் ஹாப் என்னும் அமெரிக்க இசையில் தலையாய ஆக்குநர் யார் என்பதே அவர்கள் வழக்கு.

அதனை இரைச்சல் என்று ஒதுக்கும் பெரியோர் உளர். அந்த இரைச்சல் நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது என்பதை அவர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம். மும்பைத் தாராவியில் நம் தமிழ் இளைஞர் தமிழிலேயே ராப் பாடுகின்றனர். அவர்களுள் டோப்அடெலிக்ஸ் என்னும் குழுவினர் 2018இல் வெளியான 'காலா' படத்தின் பாடல்களில் பங்கு கொண்டனர். அன்றியும், நம்முடைய பழைய வழக்குகளில் இல்லாத ஒரு கேள்வி பிள்ளைகளின் வழக்கில் அடங்கியிருக்கிறது. பிறர் ஆக்கிய பொருளைக் கொண்டு புதியது செய்பவன் எந்த அளவுக்குப் படைப்பாளன் என்பதே அக்கேள்வி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதனைக் கேட்டும் கேளாதார் போல் இருத்தல் இயலாது.

முதலில் ஒரு சொற்சிக்கல். ஆங்கிலத்தில் இவரைப் 'புரொட்யூசர்' என்பர். 'தயாரிப்பாளர்' என்று அதனைப் பெயர்த்தால், படத்துக்கு முதல் போடும் முதலாளி நம் கண்முன் வந்து நிற்பார். 'இசையமைப்பாளர்' என்பதும் முற்றும் பொருந்தாது. மெட்டமைத்து, வாத்தியக்காரரை அமர்த்தி வாசிக்கச் செய்வது இவருடைய முதன்மையான வேலை அன்று. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு, பொறியிலிருந்து ஒரு தாளம், எங்கிருந்தோ ஒரு குரல் ஆகியவற்றை இணைத்து, ராப் பாடகர் தம் சொற்களை ஏற்றுவதற்குரிய தளத்தை அமைத்துத் தருபவர் இவர். ஆகவே 'ஆக்குநர்' என்றே வழங்குவோம். அலுவலகக் கோப்பில் இச்சொல்லை எழுதினால் மேலிடத்திலிருந்து சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி வரும். வானொலியில் அந்த அச்சமில்லை.

இக்கலையின் பிறப்பிடம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. 1973 ஆகஸ்டு 11 அன்று அங்கே செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் நடந்த ஒரு கொண்டாட்டத்தையே இதன் தொடக்கமாகக் கூறுவர். அன்று இசைத்தட்டுகளை ஓட்டியவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர். ஆடுவோர் பாட்டு முழுவதையும் நாடவில்லை, பாட்டும் பிற வாத்தியங்களும் அடங்கி டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில வினாடிகளுக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் காப்பி அருந்த எழுந்து போவது வழக்கம். பிராங்க்ஸில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு. ஒரே தட்டின் இரு படிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்று முடியும் தறுவாயில் மற்றொன்றைத் தொடங்கி, அச்சில வினாடிகளைப் பல நிமிடங்களாக ஹெர்க் நீட்டினார்.

பிற்பாடு பொறிகள் வந்தன. 1987இல் வெளிவந்த எஸ்.பி.-1200 என்னும் பொறி ஏறத்தாழ 10 வினாடி ஒலியை மட்டுமே தன்னுள் வைத்துக்கொள்ள வல்லது. ஆகவே நிமிடத்துக்கு 33 சுற்றுக்குரிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு, அவ்வாறு சுருங்கிய ஒலியைப் பொறியில் ஏற்றி, பின்னர் அதனை மெதுவாக்கிப் பழைய அளவுக்கு நீட்டுவர். அதனால் உண்டான கரகரப்பே அக்காலத்து இசைக்கு ஓர் அழகாயிற்று. வறுமை கற்பித்த அழகு என்று அதனைச் சொல்லலாம்.

இனி வழக்குக்கு வருவோம். டாக்டர் டிரேயின் கட்சி வலிமையுடையது. லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த காம்ப்டன் ஊரினரான இவர் 1988இல் என்.டபிள்யு.ஏ. குழுவோடும், 1992இல் 'தி குரோனிக்' என்னும் தட்டோடும் மேற்குக் கரையின் இசையை நாடெங்கும் கொண்டு சென்றார். ஸ்னூப் டாக்கையும் எமினெமையும் உலகறியச் செய்தவர் இவரே. அடியில் ஆழ்ந்த நாதம், மேலே மெல்லிய விசில் போன்ற ஓர் ஒலி, இடையில் மாசற்ற வெளி. இது டிரேயின் முத்திரை. பழைய தட்டிலிருந்து துண்டு எடுப்பதினும், அம்மெட்டை வாத்தியக்காரரைக் கொண்டு மீண்டும் வாசிக்கச் செய்வதையே அவர் பெரிதும் விரும்பினார். விற்பனையையும் வளர்த்த பாடகரையும் அளவுகோலாகக் கொண்டால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

பிரீமியரின் திறம் வேறு வகையது. நாஸ் என்னும் பாடகரின் 'இல்மாட்டிக்' (1994) தட்டில் இவரும் பீட் ராக், கியூ-டிப் முதலிய பெயர்பெற்ற ஆக்குநர்களும் அருகருகே நிற்கக் காணலாம். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர்க்கு அதனினும் நல்ல வாய்ப்புக் கிட்டாது. பழைய தட்டில் ஒரு பியானோத் தொடரைக் கண்டால் பிரீமியர் அதனை அப்படியே எடுத்தாள்வதில்லை. சிறு சிறு துண்டுகளாக வெட்டி, வரிசை மாற்றி, மூலத்தில் இல்லாத ஒரு தொடரை அவற்றினின்று உண்டாக்குவார். நம் உரையாசிரியர்கள் செய்யுளின் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் காண்பதைப் போன்றது இது. பல்லவிக்கும் வேறு வேறு பாடகரின் தட்டுகளிலிருந்து ஒவ்வொரு தொடராகக் கீறி எடுத்துக் கோப்பார்.

ஆயினும் நம் வாக்கு ஜே டில்லாவுக்கே. டெட்ராய்ட் நகரினரான ஜேம்ஸ் யான்சி என்னும் இயற்பெயருடைய இவர், மற்ற இருவரையும் நோக்க, வெளியுலகம் குறைவாகவே அறிந்தவர். இவர் செய்ததை விளக்கச் சிறிது தாளக் கணக்குப் பேச வேண்டும். தாளப் பொறியில், விரல் சற்று முன்பின்னாக விழுந்தாலும் அடியைச் சரியான இடத்துக்கு இழுத்து நிறுத்தும் ஏற்பாடு உண்டு. டில்லா பல இடங்களில் அவ்வேற்பாட்டை விலக்கினார். ஓர் அடி மயிரிழை முந்தும். மற்றோர் அடி மயிரிழை பிந்தும். வேறொன்று நூல் பிடித்தாற்போல் நேராக நடக்கும். மூன்றும் சேர்ந்து ஒலிக்கையில், சற்றே தள்ளாடியும் விழாமல் நடப்பவனைப் பார்ப்பது போன்ற ஓர் இன்பம் உண்டாகிறது. நம் இசையில் அதீதம், அனாகதம் என்று தாளத்துக்கு முன்னும் பின்னும் எடுக்கும் முறைகள் உள. ஆனால் அவை கணக்குக்கு உட்பட்டவை. கையால் எண்ணிக் காட்டத்தக்கவை. டில்லாவின் விலகலோ எண்ணிக்கைக்கு அகப்படாத நுண்மையுடையது. வியப்பு யாதெனில், பொறியில் பிறந்த இந்நடையைப் பின்னர் மனிதர் கற்றனர். ரூட்ஸ் குழுவின் டிரம் கலைஞர் குவெஸ்ட்லவ் இந்நடையைத் தம் கைகளுக்குப் பழக்கினார். டி'ஆஞ்சலோவின் 'வூடூ' (2000) என்னும் தட்டில் அதனைக் கேட்கலாம். பாடகரை வளர்த்தோர் பலர். வாசிப்போரின் கையையே மாற்றியவர் அரியர்.

டில்லா கொடிய நோயுற்று 2006 பிப்ரவரி 10 அன்று 32ஆம் வயதில் மறைந்தார். 31 சிறு துண்டுகள் கொண்ட 'டோனட்ஸ்' என்னும் அவருடைய தட்டு அதற்கு மூன்று நாள் முன்னர், அவருடைய பிறந்தநாளன்று வெளியாயிற்று. அவர் கையாண்ட பொறி இப்பொழுது வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

டிரேயின் கட்சியினர் இத்தீர்ப்பை ஏற்கமாட்டார்கள். இளம்பெண்கள், ஆக்குநராகவும் விளங்கிய மிஸ்ஸி எலியட்டின் பெயரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள், நியாயமான கேள்வியே. எனினும் நம்மை உறுத்துவது வேறோர் ஒழிவு.

1969இல் வின்ஸ்டன்ஸ் என்னும் குழு 'ஆமென், பிரதர்' என்றொரு பாட்டைப் பதிவு செய்தது. அதன் நடுவே கிரிகரி கோல்மன் என்பவர் ஏறத்தாழ ஆறு வினாடி தனித்து டிரம் வாசிக்கிறார். அந்த ஆறு வினாடி ஆயிரக்கணக்கான பாடல்களில் எடுத்தாளப்பட்டது. டிரே ஆக்கத்தில் பங்குகொண்ட 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' பாட்டிலும் அடியில் ஓடுவது அதுவே. கோல்மனுக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை. 2006இல் வறுமையிலேயே இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கு 2015இல் இசையன்பர் தாமே திரட்டிய 24,000 பவுன் அளவான தொகை கிடைத்தது. ஜேம்ஸ் பிரவுனின் 'பங்கி டிரம்மர்' பாட்டில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதையும் ஏறத்தாழ இதுவே.

சட்டம் பேசாதிருந்ததில்லை. 1991இல் பிஸ் மார்க்கி என்பவர் இசைவின்றி எடுத்தாண்ட ஒரு துண்டு பற்றி நியூயார்க் நீதிமன்றம் கடுந்தீர்ப்பு வழங்கியது. அதன் பின்னர் ஒவ்வொரு துண்டுக்கும் இசைவு பெற வேண்டுவதாயிற்று. ஆயின் இசைவும் பணமும் பெரும்பாலும் பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை பெற்றவரையே சேர்ந்தன. கூலிக்கு வாசித்த டிரம் கலைஞரைச் சேரவில்லை. மொழிபெயர்த்தவர் பெயர் இல்லாமல் வெளிவரும் அரசு அறிக்கைகளை நாளெல்லாம் எழுதும் நமக்கு இதனைச் சொல்கையில் குரல் சற்று உயர்ந்துவிட்டால் நேயர்கள் பொறுத்தருள்க.

நம் நாட்டுப் பாடல்களும் இவ்வழக்கில் உண்டு. இளையராஜா இசையமைத்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப்பாட்டு ஒன்றைப் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003இல் எடுத்தாண்டனர். அதற்கு முந்திய ஆண்டில், டிரேயின் நிறுவனம் வெளியிட்ட 'அடிக்டிவ்' என்னும் பாட்டில் லதா மங்கேஷ்கரின் குரல் ஒலித்தது. ஆக்கியவர் டி.ஜே. குவிக், மூலம் 1981இல் வந்த 'ஜோதி' என்னும் இந்திப் படம், அதற்கு இசையமைத்தவர் பப்பி லாகிரி. லாகிரியின் பெயர் அதில் இல்லை. வழக்குத் தொடரப்பட்டது. லாகிரியின் பெயரைக் குறிக்காமல் அப்பாட்டை விற்கலாகாது என்று 2003இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.